இழுக்காத வலிப்பும் உண்டு

வலித்தல் என்றால் இழுத்தல். துடுப்பு வலிக்கிறோம் என்று சொல்வதும் அந்தப் பொருளில்தான். கை கால் இழுப்பதால் வலிப்பு என்று பெயர் வைத்தோம். ஆனால் அந்தப் பெயரே சில நேரம் ஆளை ஏமாற்றிவிடும். இழுக்காமலும் வலிப்பு வரும். அதை வீட்டில் யாரும் நோயாக எடுத்துக்கொள்வதில்லை.

சும்மா இருக்கும்போதும் நம் தசையில் கொஞ்சம் இறுக்கம் உண்டு. தலை தொங்காமல் நிற்பது அதனால்தான். மூளையில் மின் துடிப்புகள் தாறுமாறாக எழும்போது இந்த இறுக்கம் மாறுகிறது. எப்படி மாறுகிறது என்பதை வைத்துத்தான் வகை பிரிக்கிறார்கள்.

டானிக்: பாட்டில் டானிக் இல்லீங்க! தசை கட்டைபோல விறைத்துவிடும். பெரும்பாலும் உறக்கத்தில் வரும்.

ஏடானிக்: நேர் எதிர். இறுக்கம் சட்டென்று போய்விடும். தலை தொங்கும், அல்லது ஆளே பொத்தென்று விழுவார். சில நொடிகள்தான். குழந்தைகளிடம் அதிகம். 'பிள்ளை கால் தடுக்கி விழுந்துட்டு' என்று விட்டுவிடுவோம்.

குளோனிக்: ஒரே தாளத்தில் வெட்டி வெட்டி இழுக்கும். முதலில் விறைத்து, பிறகு இப்படி வெட்டினால் டானிக்-குளோனிக். நாம் பொதுவாக வலிப்பு என்று சொல்வது இதைத்தான்.

மயோகுளோனிக்: ஷாக் அடித்ததுபோல ஒரு உதறல், அவ்வளவுதான். ஒரு வகையில், பதின்வயதுப் பிள்ளைகளுக்குக் காலையில் எழுந்ததும் வரும். கையிலிருந்து சாயா டம்ளர் தெறிக்கும். நமக்கோ 'கவனமில்லாத பிள்ளை'. உறக்கம் கெட்டால் கூடும்.

வகை தெரிந்து என்ன ஆகப்போகிறது? மருந்தே மாறும். சில வகை வலிப்புக்கு நன்றாக வேலை செய்யும் கார்பமசெபின், மயோகுளோனிக் உதறலை அதிகமாக்கிவிடலாம்.

நாகர்கோவிலில் இருந்து பலர் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்துக்குப் போகிறார்கள். அங்கே 1995 முதல் வலிப்புக்கு அறுவைச் சிகிச்சையும் நடக்கிறது. ஆனால் எவ்வளவு பெரிய டாக்டரும் வலிப்பை நேரில் பார்ப்பது அபூர்வம். பார்த்தது நீங்கள்தான். விறைத்ததா, தளர்ந்ததா, எந்தப் பக்கம் தொடங்கியது, எத்தனை நொடி என்று குறித்து வையுங்கள். முடிந்தால் போனில் வீடியோ எடுங்கள்.

அதற்கு முன், ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சாவிக்கொத்து வேண்டாம், வாயில் எதுவும் வைக்க வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி.