வழிபாட்டு ஊழியப் பயிற்சி

வழிபாட்டு ஊழியப் பயிற்சி என்பது திருச்சபையில் பாடல், ஜெபம், வேதவாசிப்பு ஆகியவற்றை நடத்த விரும்பும் ஒருவர், அனுபவமுள்ள ஊழியரின் கீழ் சில காலம் இருந்து அந்தப் பணியைப் பழகுவதாகும். இறையியல் மாணவர்களுக்கு இது படிப்போடு சேர்ந்தது. பாடகர் குழு இளைஞர்கள் போதகரின் அனுமதியோடு சொந்தச் சபையிலேயே பழகுவதும் உண்டு.

தமிழ்நாட்டில் இது புதிய வழக்கமன்று. 1774இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார், சிறுவயதிலேயே மிஷனரி சுவார்ட்சுடன் தஞ்சாவூர் சென்று அவரிடம் கற்றார். பின்னாளில் சாஸ்திரியார் இயற்றிய கீர்த்தனைகள், அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் வெளியிட்ட தொகுப்பின் வழியாகப் பல சபைகளுக்குப் பரவின.

கிராமச் சபையில் தொடங்குதல்

தென்னிந்தியத் திருச்சபையில் ஒரு சேகரத்தில் பல ஊர்ச் சபைகள் அடங்கும், போதகர் ஒருவரே. எனவே உத்திரமேரூர், மானாம்பதி போன்ற ஊர்ப்புறங்களில் பயிற்சிக்கு வருபவர் போதகரோடு உபதேசியாரிடமும் கற்க வேண்டியிருக்கும். முதல் சில ஞாயிறுகளில் முன்னால் நிற்காமல் சபையோடு உட்கார்ந்து பாடுவது நல்லது. எந்தப் பாடலைப் புத்தகமின்றிப் பாடுகிறார்கள், எந்த ராகம் அந்த ஊரில் சற்று மாறியிருக்கிறது என்பவற்றை நோட்டில் குறித்துக்கொள்ளலாம்.

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது சுருதியில்தான். தன் குரலுக்கு வசதியான கட்டையில் பாடலை எடுத்தால், சபையில் பாதிப்பேர் சரணத்தின் உச்சத்தில் வாய் மூடிவிடுவார்கள். கீபோர்டு இருந்தால் ஒரு கட்டை இறக்கிப் பார்க்கலாம். மின்சாரம் போய்விட்டால் கீபோர்டும் மைக்கும் இல்லை. கைத்தாளத்தோடு பாடலை எடுத்துக்கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். வாசிப்புப் பகுதிகளையும் பாடல்களையும் சனிக்கிழமைக்குள் போதகரிடம் காட்டி உறுதிசெய்துகொள்வது வழக்கம்.

எந்த இசை?

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. கீர்த்தனைகள் பெரும்பாலும் கர்நாடக இசை மரபில் அமைந்தவை. ஊர்ப்புறச் சபைகளிலோ தலித் மக்களே மிகுதி. அவர்களுடைய தெம்மாங்கும் பறையும் நெடுங்காலம் ஆலயத்துக்கு வெளியிலேயே நின்றன. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு (1940–2005) இதை எதிர்த்தார். பறட்டை என்ற பெயரில் அறியப்பட்ட அவர், திருவிருந்து வழிபாட்டுக்கே நாட்டுப்புற மெட்டுகளை அமைத்தார். மக்கள் தங்களுக்கேற்ப மாற்றிப் பாடுவதைப் பிழையாகக் கருதாமல், நாட்டுப்புற இசையின் பலமாகக் கண்டார்.

இதைப் படித்த உற்சாகத்தில் பயிற்சியாளர் மறுவாரமே ஆலயத்துக்குள் பறையைக் கொண்டுவந்துவிடக் கூடாது. சாவு வீட்டில் பறையடிப்பது சாதியின் பெயரால் சுமத்தப்பட்ட கட்டாய வேலையாக இருந்தது. அந்த இழிவிலிருந்து வெளியேறும் வழியாகவே பலர் கிறிஸ்தவத்தைப் பார்த்தனர். ஆகவே பறை வேண்டாம் என்று ஒரு பெரியவர் மறுத்தால், அது பழமைவாதமாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. அதே குடும்பத்துப் பேரன் பறையைப் பெருமையின் அடையாளமாகக் கருதலாம். இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கும் சபை அது. சபைக் கமிட்டியிலும் பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் பேசி, முதலில் ஜெபக்கூட்டத்தில் ஒரு பாடலுக்கு மட்டும் வாசித்துப் பார்க்கலாம். பெரியவர் அப்போதும் வேண்டாம் என்றால் கஞ்சிராவோ டோலக்கோ போதும்.