தடுமன் மாத்திரையும் கலவைதான்

சிவகாசியில் ‘மருந்து’ என்றால் எந்த மருந்து என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். பட்டாசு ஆலையில் அது வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பவுடரும் சேர்ந்த கலவை. தெருமுனை மெடிக்கலில், “அண்ணாச்சி, தடுமனுக்கு ஒண்ணு குடுங்க” என்று வாங்கும் மாத்திரை. ஆலை மருந்தை எடை போட்டுத்தான் கலப்பார்கள். மாத்திரையும் கலவைதான், அதில் எது எவ்வளவு என்று கேட்பவர் குறைவு.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பரவலாக விற்கும் ஒரு வகையில் பாராசிட்டமால் 500 மில்லிகிராம், ஃபினைலெஃப்ரின் 10, குளோர்ஃபெனிரமின் 2 இருக்கும். சிலவற்றில் காஃபீனும் சேரும். காய்ச்சலுக்கும் உடல்வலிக்கும் முதலாவது, மூக்கடைப்புக்கு இரண்டாவது, தும்மலுக்கும் மூக்கொழுகலுக்கும் மூன்றாவது.

எவ்வளவு சிந்தினாலும் மூக்கு திறக்காததற்குக் காரணம் உண்டு. அங்கே அடைத்துக்கொண்டிருப்பது சளி மட்டுமல்ல. மூக்கின் உட்சுவரில் உள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிந்து, சதை வீங்கி, காற்று போகும் வழியை மறிக்கிறது. ஃபினைலெஃப்ரினுக்கு அந்தக் குழாய்களைச் சுருக்கும் வேலை. ஆனால் விழுங்கும்போது அதில் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலுமே சிதைந்துபோகிறது. வழக்கமான அளவில் விழுங்கினால் அது மூக்கடைப்பை நீக்குவதில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழுவினர் 16 பேரும் 2023 செப்டம்பரில் ஒருமனதாக வாக்களித்தார்கள். பலன் சந்தேகம் என்பதற்காக எச்சரிக்கை தளரக் கூடாது: ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது.

குளோர்ஃபெனிரமின் கதை வேறு. மூக்கில் தும்மலையும் ஒழுகலையும் தூண்டும் ஹிஸ்டமின்தான் மூளையில் நம்மை விழிப்போடு வைத்திருக்கிறது. இந்த மருந்து இரண்டு இடத்திலும் அதைத் தடுப்பதால் கண் சொக்குகிறது. இரவில் போட்டதன் மந்தம் மறுநாள் காலையிலும் மிஞ்சலாம். சின்ன உராய்வே தீப்பொறியாகும் கலவை அறைக்கு அந்த மந்தத்தோடு போகலாமா? பைக் ஓட்டுவதற்கும் இதே கேள்விதான். மாத்திரையோடு மதுவும் சேர்ந்தால் மயக்கம் இன்னும் கூடும். கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்கும் இது ஆகாது.

பட்டாசு விபத்துச் செய்திகளில் ‘அனுமதித்த அளவுக்கு மேல் மருந்து இருந்தது’ என்று அடிக்கடி படிக்கிறோம். பாராசிட்டமாலிலும் அதே தப்பு நடக்கிறது. தடுமன் மாத்திரை நாளைக்கு மூன்று என்றால் 1,500 மில்லிகிராம். காய்ச்சலும் இருக்கிறதே என்று 650 மாத்திரையைத் தனியாக நான்கு வேளை போட்டால் 2,600. மொத்தம் 4,100. ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாள் உச்சவரம்பு 4,000தான். குடிப்பவருக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவருக்கும் அதைவிடக் குறைவு. அளவு மிகுந்தால் இந்த மருந்து முதல் நாள் பெரிதாக ஒன்றும் காட்டாமலே கல்லீரலைக் கெடுத்துவிடக்கூடியது. பெயர் வேறு, அட்டையின் நிறம் வேறு, உள்ளே சரக்கு ஒன்று என்பது தெரியாததால் வரும் வினை இது.

பெரியவர் மாத்திரையை உடைத்துக் குழந்தைக்குக் கொடுப்பது அதைவிட ஆபத்து. குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த கூட்டு மருந்தை 4 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தரக் கூடாது என்ற எச்சரிக்கையை அட்டையில் அச்சிடும்படி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகம் 2023 டிசம்பரில் உத்தரவிட்டது.

சாதாரணத் தடுமன் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானே அடங்கிவிடும். அதற்கு மேல் நீடித்தாலோ, கடும் காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள். ஒரு தொல்லை மட்டும் இருந்தால் அதற்கான ஒற்றை மருந்தே போதும்.

சிவகாசி பட்டாசுக்கு மட்டுமல்ல, அச்சுக்கும் பேர்போன ஊர். லேபிளும் அட்டைப்பெட்டியும் அச்சடித்து ஊர் ஊராக அனுப்புகிறவர்கள் நாம். மாத்திரை அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தையும் ஒருமுறை படித்துவிட்டு விழுங்குவோம்.