திருக்குற்றாலக் குறவஞ்சியில் சிங்கியின் ஒப்பனை: அரங்க ஆடை வடிவமைப்பு நோக்கு

அரங்க ஆடை வடிவமைப்பைக் கற்பிப்போர்க்கு முதன்மைச் சான்று சிற்பமா, ஓவியமா, பனுவலா என்னும் வினா அடிப்படையானது. தேசிய நாடகப் பள்ளியின் படைப்புகளுக்கு ஆடை வடிவமைத்த ரோஷன் அல்காசி, பண்டைய இந்திய ஆடைகள் பற்றித் தாம் 1983இல் வெளியிட்ட நூலில் சிற்ப, ஓவியச் சான்றுகளையே பெரிதும் பயன்படுத்தினார். 1944இல் குற்றாலக் குறவஞ்சியைக் கலாக்ஷேத்திராவில் நாட்டிய நாடகமாக்கிய ருக்மிணி தேவியும் பரத உடையைச் சீரமைக்கையில் கோயிற் சிற்பங்களை நோக்கியவரே. தென்காசிக் காசி விசுவநாதர் கோயிலின் இரதி, மன்மதன் சிற்பங்களும் குற்றாலச் சித்திர சபையின் சுவரோவியங்களும் இவ்வகைப் பயிற்சிக்கு அருகிலேயே கிடைப்பன. ஆயினும் சிங்கியைப் பொறுத்தவரை பனுவலே முதற்சான்றாதல் வேண்டும்.

இந்நூலை இயற்றியவர் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர். பதினெட்டாம் நூற்றாண்டினரான இவருக்கு மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் வழங்கிய நிலம் 'குறவஞ்சி மேடு' எனப் பெயர்பெற்றது.

வசந்தவல்லிக்குக் குறி சொல்ல வரும் சிங்கியைக் கவிராயர் நீறு, திலகம், பாசிமணி, குன்றிமணி, இடுப்புக் கூடை, மாத்திரைக்கோல் ஆகியவற்றோடு அறிமுகப்படுத்துகிறார். பொன்னணி எதுவும் அவ்விடத்தில் முன்னிறுத்தப்படவில்லை. பின்னர், அவளைத் தேடியலைந்து காணும் சிங்கன் அடையாளம் தெரியாமல் திகைக்கிறான். காலில் கிடப்பது விரியன் பாம்பா, நெளிவது நாங்கூழா, கட்டியிருப்பது செத்த தவளையா என அடுக்கடுக்காய் வினவுகிறான். சேலத்தில் பெற்ற சிலம்பு, பாண்டியன் மகள் தந்த பாடகம், குற்றாலர் சந்நிதிப் பெண்கள் அளித்த கெச்சம் என அவள் விடையிறுக்கிறாள். கண்டியின் காலாழியும் பீலியும், நெல்வேலியாரின் சல்லாச் சேலையும், சோழன் கொலுவின் அரைஞாணும், காயலாரின் முத்தாரமும், காயங்குளத்தாரின் சவடியும் தொடர்கின்றன. அணிகலன் ஒவ்வொன்றும் ஓர் ஊரின் பெயரைச் சுமக்கிறது. அது குறிக்குக் கிடைத்த கூலியுமாகும்.

இதனால் விளையும் அரங்கச் சிக்கல் நுட்பமானது. தொடக்கத்திலேயே சிங்கியை எல்லா நகைகளோடும் மேடையேற்றினால் சிங்கனின் திகைப்புக்குக் காரணம் இல்லாமற் போகிறது. மாறாக, இறுதிவரை பாசிமணியோடும் 'குறத்தி வேட' வண்ணச் சேலையோடும் நிறுத்தினால் உரையாடலே பொருளிழக்கும். ஆகவே இரு காட்சிகளுக்கும் இடையே ஆடை மாற்றம் இன்றியமையாதது. நகையின் பெயரைக் கேட்கும் முன்பே அதன் வடிவைப் பார்வையாளரும் காணவேண்டியிருப்பதால், அளவும் வளைவும் கடைசி வரிசைக்கும் புலப்படவேண்டும். மென்மையான மெய்ந்நிகர் வெள்ளிச் சிலம்பைவிடச் சற்றே பருத்த, உடல் சுருண்ட பாம்பை ஒத்த சிலம்பே இங்குப் பொருந்தும்.

சிங்கன் பறவை பிடிப்பவன். அவன் கண்ணுக்கு உலகம் ஊர்வனவாகவும் பறப்பனவாகவுமே படுகிறது. கழுத்துச் சவடியையும் அவன் கமுகில் சுற்றிய பாம்புகளாகவே காண்கிறான். சிங்கியின் அணிகள் அவளுடைய பயணத்தைக் காட்டுகின்றன. அவற்றைப் பற்றிய உவமைகளோ சிங்கனின் தொழிலைக் காட்டுகின்றன. எனவே வடிவமைப்பு மாணவர் சிங்கியின் ஆடைப் பட்டியலைத் தயாரிக்கையில் அணியின் பெயர், கிடைத்த ஊர், சிங்கன் கூறும் உவமை என மூன்றையும் ஒருங்கே பதிவு செய்தல் வேண்டும். மூன்றாவது விடுபட்டால் மேடையில் எஞ்சுவது நகைக்கடைக் காட்சியே.