வேர்ப் பூஞ்சைகளும் பூஞ்சைக்கொல்லிகளும்

பயிர்களின் வேரில் வாழும் நன்மை தரும் பூஞ்சைகளையும் வேதிப் பூஞ்சைக்கொல்லிகளையும் ஒரே பயிரில் இணைத்துப் பயன்படுத்துவது ஒருங்கிணைந்த நோய் மேலாண்மை முறைகளுள் ஒன்றாகும். டிரைக்கோடெர்மா, மைக்கோரைசா எனப்படும் வேர்க்கூட்டுப் பூஞ்சைகள் ஆகியன இவ்வாறு பயன்படுபவற்றுள் முதன்மையானவை. நோயை உண்டாக்குவதும் பூஞ்சை, தடுப்பதும் பூஞ்சை என்பதால், இடப்படும் மருந்து எதைக் கொல்லும் என்பதே இங்கு அடிப்படைக் கேள்வி ஆகும்.

செயற்பாடு

டிரைக்கோடெர்மா நோய்ப் பூஞ்சையின் இழைகளைச் சுற்றிப் படர்ந்து, நொதியங்களைச் சுரந்து அவற்றின் செல்சுவரைக் கரைக்கிறது. வேர்க்கூட்டுப் பூஞ்சை மண்ணிலுள்ள பாசுபரசை வேருக்குக் கொணர்ந்து, மாற்றாகச் செடியிடமிருந்து உணவைப் பெறுகிறது.

மருந்துகளின் வேறுபாடு

கார்பன்டாசிம், டியூபுலின் என்னும் புரதத்துடன் பிணைந்து செல் பிரிதலைத் தடுக்கிறது. இப்புரதம் டிரைக்கோடெர்மாவிலும் உள்ளதால் அதன் வளர்ச்சியும் நின்றுவிடும். மெட்டலாக்சில் அவ்வாறன்று. பித்தியம், பைட்டோப்தோரா ஆகியன பூஞ்சை போலத் தோன்றினாலும் மரபுவழியில் பழுப்புப் பாசிகளுக்கே நெருங்கியவை. இவற்றின் ஆர்.என்.ஏ. உருவாக்கத்தை மட்டுமே மெட்டலாக்சில் தடுப்பதால் டிரைக்கோடெர்மாவுக்குப் பெரிய தீங்கில்லை. கேரளத்தில் மிளகுக் கொடிகளை அழிக்கும் பைட்டோப்தோரா அடியழுகல் நோய்க்கு இவ்விரண்டையும் இணைக்க முடிவது இதனாலேயே. எனினும் மெட்டலாக்சில் பெரும்பாலும் மாங்கோசெப்புடன் கலந்தே விற்கப்படுகிறது. ஆகவே பொட்டலத்தில் உள்ள இரண்டாவது பெயரையும் படித்தல் வேண்டும்.

விதை நேர்த்தி

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயறு வகைப் பரிந்துரையில், ஒரு கிலோ விதைக்கு கார்பன்டாசிம் 2 கிராம் அல்லது டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம் என்று கூறப்படுகிறது. இதிலுள்ள 'அல்லது' என்னும் சொல் பலராலும் கவனிக்கப்படுவதில்லை. இரண்டையும் ஒரே விதையில் பூசினால் உயிருள்ள பூஞ்சைக்குச் செலவிட்ட பணம் வீணாகும். செடி முளைத்துவிடுவதால் அவ்விழப்பு கண்ணுக்கும் தெரியாது. கடையில் வாங்கும் வண்ணம் பூசிய விதைகள் பெரும்பாலும் முன்னரே பூஞ்சைக்கொல்லி கலந்தவை. அத்தகைய விதைக்கு மேல் டிரைக்கோடெர்மாவைப் பூசுவதைவிட, எக்டேருக்கு 2.5 கிலோவை 50 கிலோ மக்கிய தொழுவுரத்துடன் கலந்து மண்ணில் இடுவது பொருந்தும்.

வேர்க்கூட்டுப் பூஞ்சைகளின் இழப்பு

நோய்க்கிருமிகளை ஒழிக்க நச்சுப்புகை செலுத்தப்பட்ட நாற்றங்கால்களில் எலுமிச்சை இனக் கன்றுகள் குன்றிப்போயின. வேர்க்கூட்டுப் பூஞ்சைகள் அழிந்ததே இதற்குக் காரணம் என்று 1972இல் அமெரிக்காவின் கிளைன்சுமிட், கெர்டமன் ஆகியோர் காட்டினர். கார்பன்டாசிம் குடும்பத்தைச் சேர்ந்த பெனோமில், வயல் ஆய்வுகளில் வேர்க்கூட்டுப் பூஞ்சைகளை வேண்டுமென்றே அடக்குவதற்கே பயன்படுத்தப்பட்டது.

தாங்கும் வகைகள்

மருந்தை மாற்றாமல் பூஞ்சையை மாற்றும் முயற்சியும் நடந்தது. புற ஊதாக் கதிர்களுக்கு உட்படுத்தி, பெனோமிலைத் தாங்கும் டிரைக்கோடெர்மா வகைகளைப் பாப்பவீசாசு குழுவினர் 1982இல் அமெரிக்காவில் உருவாக்கினர். பெனோமிலை அதன் தயாரிப்பாளரான டூபான்ட் நிறுவனம் 2001இல் கைவிட்டது.