தலை சுற்றினால் எல்லாம் பித்தம் அல்ல

“தலை சுத்துது” என்று வீட்டில் யாராவது சொன்னால், நம் தோட்டத்து மக்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “பித்தம் ஏறிடுச்சு, எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு குடி.” குடித்துவிட்டுப் படுத்தால் சிலருக்குச் சரியாகியும் விடுகிறது. ஆனால் இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் ஏற்கெனவே உடம்பில் குடியிருக்கும் ஒருவருக்குத் தலை சுற்றினால், அதைப் பித்தத்தின் கணக்கில் எழுதிவிட்டுச் சும்மா இருக்கலாகாது. அது மாத்திரையின் வேலையாக இருக்கலாம். சர்க்கரை இறங்கியதாக இருக்கலாம். மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டதாகவும் இருக்கலாம். அல்லது, நம்மில் பலர் நினைத்தே பாராத இடமாகிய உள்காதில் கோளாறு இருக்கலாம்.

இந்த வாரம் அந்த உள்காதைப் பற்றிப் பேசுவோம். காது கேட்பதற்கு மட்டுமே என்று எண்ணியிருப்பவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். வீட்டில் கண் பார்வை மங்கிய பெரியவர்கள் இருந்தால், பிள்ளைகள் அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

நிற்பதற்கு மூன்று துணை

காதுச் சவ்வுக்கும் அப்பால், எலும்புக்குள்ளே, உள்காது இருக்கிறது. அதில் நத்தை ஓடு போல் சுருண்ட பகுதி ஒலியைக் கேட்கிறது. அதை ஒட்டியே அரைவட்டமான மூன்று மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் நீர் இருக்கிறது. பால் வாளியைத் தூக்கிக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள். வாளி திரும்பிவிடும்; உள்ளே இருக்கும் பால் ஒரு கணம் பின்தங்கும். தலை திரும்பும்போது அந்தக் குழாய்களில் நடப்பதும் அதுவேதான். பின்தங்கிய நீர் அங்குள்ள நுண்ணிய மயிர்களை வளைக்கிறது. “தலை இந்தப் பக்கம் திரும்புகிறது” என்று மூளைக்குச் செய்தி போகிறது.

நாம் விழாமல் நிற்பதற்குக் காது ஒரு துணை. கண் இரண்டாவது துணை. பாதமும் மூட்டுகளும் மூன்றாவது துணை. ஒன்று தளர்ந்தால் மற்ற இரண்டும் தாங்கிக்கொள்ளும்.

இங்கேதான் நம்மவர்களுக்கு ஆபத்து. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், நம் நாட்டின் மூன்று பெரிய இனங்களில் இனிப்பு நீர் அதிகமாகக் காணப்பட்டது இந்தியர்களிடையேதான். பெரியவர்களில் ஏறக்குறைய பத்துப் பேரில் மூவருக்கு அது இருந்தது. கட்டுப்படுத்தாத இனிப்பு நீர் நாளாவட்டத்தில் பாதத்தை மரத்துப்போகச் செய்கிறது. கண்ணையும் மங்கச் செய்கிறது. அதாவது மூன்று துணைகளில் இரண்டை அது தின்றுவிடுகிறது. மிச்சம் இருப்பது காது ஒன்றுதான். அந்தக் காதும் கெட்டால் மனிதன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பான்?

விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறவருக்கு இருட்டில் கண்ணும் பாதித் துணைதான். சேறும் சரிவுமான நிரையில் பாதமும் ஏமாற்றும். “வெளிச்சம் வந்தா நல்லா நடக்கிறேன், இருட்டுல தள்ளாடுது” என்று யாராவது சொன்னால் அதைச் சோம்பேறிச் சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள். அது உண்மையான நோய்க்குறி.

மெனியர் கண்ட நோய்

1861-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு மருத்துவர் புரோஸ்பர் மெனியர் பாரிஸ் நகரில் ஒரு கருத்தை வெளியிட்டார். தலை சுற்றி, வாந்தி எடுத்து, காதும் மந்தமாகிறவர்களுக்கு நோய் மூளையில் இல்லை, உள்காதில் இருக்கிறது என்றார். அதுவரை மூளையில் இரத்தம் கட்டிக்கொண்டது என்று சொல்லி, இவர்களின் இரத்தத்தை வடிய விடுவது வைத்தியமாக இருந்தது. பின்னர் 1938-இல், இந்நோயாளிகளின் உள்காதில் நீர் மிகுந்து வீங்கியிருப்பதை மருத்துவர்கள் கண்டார்கள். இன்று இதற்கு மெனியர் நோய் என்றே பெயர்.

இதன் அடையாளங்கள் நான்கு. வீடே சுழல்வது போன்ற சுற்றல், குறைந்தது 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை இருக்கும். காதில் இரைச்சல் கேட்கும். காது அடைத்துக்கொண்டது போல் கனக்கும். கேட்கும் சக்தி குறைந்தும் கூடியும், நாளடைவில் குறைந்துகொண்டே போகும். பெரும்பாலும் ஒரு காதில் தொடங்கும். 40 வயதுக்கும் 60 வயதுக்கும் இடையில் வருவது அதிகம்.

இதை முற்றாகப் போக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனாலும் வருடங்கள் போகப் போகச் சுற்றல் தணிவது பலருக்கும் உண்டு. சமாளித்து வாழக்கூடிய நோய்தான் இது.

வலியைவிட அவமானம்தான் பலரை வாட்டுகிறது. இந்நோய்க்காரர் நடுவழியில் தள்ளாடி, மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பார். பார்ப்பவர் என்ன சொல்வார்? “காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டான்.” மண்டோர் கூப்பிட்டது காதில் விழாவிட்டால், “கேட்டும் கேக்காத மாதிரி நடிக்கிறான்.” இரண்டு மணி நேரம் கழித்து அவர் எழுந்து நடந்தால், “இப்ப மட்டும் எப்படிச் சரியாச்சு?” சிலர் செய்வினை என்று கிளப்பிவிட்டு, வீட்டில் இருக்கும் காசையும் பூசாரிக்குக் கொடுக்க வைப்பார்கள். குடிக்காத மனிதனுக்குக் குடிகாரன் பட்டம் கட்டுவதைவிடப் பெரிய பாவம் உண்டா?

எந்தச் சுற்றல், எதனால்?

டாக்டரிடம் போய் “தலை சுத்துது” என்று மட்டும் சொன்னால் போதாது. எப்படிச் சுற்றியது, எவ்வளவு நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று சொல்ல வேண்டும். பாதி நோயை அதிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

படுக்கையிலிருந்தோ குந்தியிருந்தோ எழுந்தவுடன் கண் இருட்டி, உட்கார்ந்தால் தெளிந்தால், இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கியிருக்கலாம். கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது வரும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள்.

வியர்த்து, கை நடுங்கி, பசித்து, மயக்கமாக வந்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். மீட்டரில் 4-க்குக் கீழே காட்டினால், மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மீட்டர் கைவசம் இல்லாவிட்டால் காத்திராமல் குடித்துவிடுங்கள்.

படுக்கையில் புரண்டாலோ, செம்பனைக் குலையை அண்ணாந்து பார்த்தாலோ சுற்றி, ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிட்டால், அது மெனியர் அல்ல. உள்காதில் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்ந்து குழாய்க்குள் விழுந்ததால் வருவது. தலையை முறைப்படி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி அந்தத் துகளை வெளியேற்றும் முறையை, அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி 1992-இல் எழுதி வெளியிட்டார். சில நிமிட வேலை, மாத்திரையே வேண்டாம். தெரிந்தவர் கையால் செய்துகொள்ள வேண்டும்.

சுற்றலோடு வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு பக்கக் கைகால் சோர்ந்தாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ, நிற்கவே முடியாமல் போனாலோ, பக்கவாதமாக இருக்கலாம். எலுமிச்சம்பழம் தேட வேண்டாம். உடனே 999-க்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனாலும் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். சில நாள் பிந்தினாலும் அந்தக் காது திரும்பாமல் போகலாம்.

ஒன்றுக்கு மருந்து, இன்னொன்றுக்கு வம்பு

பல நோய் உள்ளவருக்கு ஒரு கிளினிக்கில் இனிப்பு நீருக்கு மருந்து, இன்னொரு இடத்தில் காதுக்கு மருந்து, கடையில் வாங்கிய மூட்டுவலி மாத்திரை வேறு. ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. வம்பு அங்கேதான் ஆரம்பம்.

உள்காதுக்காகக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்து சர்க்கரையை ஏற்றும். நீர் போக்கும் மாத்திரை, கொதிப்பு மாத்திரையோடு சேர்ந்து அழுத்தத்தை அதிகமாக இறக்கும். காது நோய்க்குப் பரவலாகக் கொடுக்கப்படும் பீட்டாஹிஸ்டின் மாத்திரையை, ஆஸ்துமாவோ வயிற்றுப் புண்ணோ உள்ளவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டே சாப்பிட வேண்டும். வாந்திக்கும் சுற்றலுக்கும் கொடுக்கும் புரோகுளோர்பெரசின் மாத்திரை இரண்டு மூன்று நாளைக்கு நல்லது. மாதக் கணக்கில் விழுங்கினால், மூளை தானாகச் சமநிலையைக் கற்றுக்கொள்வதை அது தடுக்கும். வயதானவர்களுக்குக் கை நடுக்கமும் வரலாம்.

காதையே கெடுக்கும் மருந்துகளும் உண்டு. மலேரியாக் காலத்தில் கொயினா சாப்பிட்டவர்களுக்குக் காது இரைந்ததை நம் பாட்டன்மார் அறிவார்கள். காசநோய்க்குப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும், ஜென்டாமைசின் ஊசியும் உள்காதைத் தாக்கக்கூடியவை. இனிப்பு நீரால் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். மருந்து உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறாது.

ஆகவே, அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். “நான் வாந்தி எடுத்துச் சாப்பிட முடியாமல் கிடந்தால் இனிப்பு நீர் மாத்திரையையும் ஊசியையும் என்ன செய்வது?” என்ற கேள்வியை, உடம்பு நன்றாக இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சுற்றல் வந்த பிறகு கேட்க நேரம் இருக்காது.

இரண்டுக்கும் பொதுவான மருந்து ஒன்று உண்டு. அது உப்பைக் குறைப்பது. கொதிப்புக்கு அது நிச்சயமாக நல்லது. மெனியர் நோய்க்கும் டாக்டர்கள் அதையே முதலில் சொல்கிறார்கள். நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது சமமாக ஒரு தேக்கரண்டிக்குள், என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கருவாடு, நெத்திலி, ஊறுகாய், அப்பளம், பிளாச்சான், கிச்சாப், பாக்கெட் மீ எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். “காதில் நீர் கட்டியிருக்கு” என்பதற்காகக் குடிதண்ணீரைக் குறைக்காதீர்கள். வெயிலில் வேலை செய்கிறவருக்கு அது மயக்கத்தையே கொண்டு வரும்.

வேலையிலும் வீட்டிலும்

சுற்றல் எப்போது வரும் என்று சொல்ல முடியாத நிலையில் ஏணி ஏறுவதும், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும், நீண்ட கம்பு அரிவாளால் குலை வெட்டுவதும், ஆற்றில் தனியாகக் குளிப்பதும் கூடாது. டாக்டரிடம் கடிதம் வாங்கி, மண்டோரிடமும் அலுவலகத்திலும் கொடுத்து, தரையில் செய்யும் வேலை கேளுங்கள். மறைத்து வைத்து மரத்தடியில் விழுவதைவிடச் சொல்லிவிடுவது மேல்.

உரிமைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாளும், இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் 18 நாளும், அதற்கு மேல் 22 நாளும் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டால் 60 நாள் வரை தனி. ஆலை இரைச்சலால் காது கெட்டால் அதைத் தொழில் நோயாகச் சொக்சோ ஏற்கிறது. ஆலைக்காரர்கள் காதுக் கவசத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்காமல் காதில் போட வேண்டும். நோய் முற்றி வேலையே செய்ய முடியாமல் போனவர்கள், சந்தா கட்டிய கணக்கோடு சொக்சோவின் செயலிழப்புப் பென்ஷனுக்கு மனுச் செய்யலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. சுற்றல் வந்தவரைப் பிடித்து உலுக்காதீர்கள், நடக்க வைக்காதீர்கள். படுக்கவைத்து, அசையாத ஒரு பொருளைப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு பாத்திரம் வையுங்கள். பேசுவதானால் நன்றாகக் கேட்கும் காதின் பக்கம் வந்து பேசுங்கள். இரவில் கக்கூசுக்குப் போகும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். மரத்த காலுக்குச் செருப்பு இல்லாமல் இருக்கக் கூடாது.

காதில் சூடான எண்ணெய் விடுவதை விட்டுவிடுங்கள். சவ்வு நன்றாக இருந்தால் எண்ணெய் உள்காதுக்குப் போகாது. சவ்வு ஓட்டையாக இருந்தால் போய்க் கெடுக்கும். காதுக்குள் சூடோ குளிரோ பட்டால் அதனாலேயே தலை சுற்றும். இதைக் கண்டறிந்து உள்காதின் இயக்கத்தை விளக்கிய ராபர்ட் பாரானி என்ற மருத்துவருக்கு 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசே கிடைத்தது. இனிப்பு நீர் உள்ளவர்களுக்குக் காதில் குச்சியும் கோழி இறகும் விடுவது இன்னும் மோசம். சின்னப் புண்ணும் எலும்பு வரை போய்விடும்.

சுற்றல் தணிந்த நாட்களில் முடங்கிக் கிடக்காமல், யாராவது கூட வர, வெளிச்சத்தில் தினமும் நடந்து பழகுங்கள். மூளை பழகப் பழகத் தள்ளாட்டம் குறையும். துணைக்கு வர வீட்டில் ஆள் இல்லையென்றால் பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டால் வராதவர்களா நம் தோட்டத்துப் பிள்ளைகள்?

பெரட்டில் ஒருவர் தள்ளாடினால் இனிமேலாவது வாய் திறக்குமுன் கை கொடுங்கள். “என்ன அண்ணே, காது இரையுதா? சாப்பிட்டீங்களா? மாத்திரை போட்டீங்களா?” என்று கேளுங்கள். அந்த மூன்று கேள்வியும் ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.