இருபதாயிரம் யென்னுக்கு ஒரு மொழி

ஏப்ரல் 2, புதன்கிழமை இரவு பத்து மணி. டோக்கியோவில் எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. எனக்கு மறுநாள் காலை மீட்டிங் இருந்தது. மகளுக்கு வசந்த கால விடுமுறை, அதனால் 'போய்ப் படு' என்று சொல்லவும் முடியவில்லை. நிண்டெண்டோ தன் புதிய ஸ்விட்ச் 2 பற்றி ஒரு மணி நேரம் விளக்கியது. ஜனவரியில் வந்தது சும்மா ஒரு முன்னோட்டம்தான். இப்போதுதான் தேதியும் விலையும் தெரிந்தன. 2025 ஜூன் 5-ஆம் தேதி விற்பனைக்கு வரும் என்று அறிவித்தார்கள்.

முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2017-இல் வந்த ஸ்விட்ச்சின் திரை 6.2 அங்குலம், 720பி. புதியது 7.9 அங்குலம், 1080பி, 120 ஹெர்ட்ஸ். சேமிப்பு 32 ஜிபியிலிருந்து 256 ஜிபி. டிவியில் மாட்டினால் 4கே வரை போகும். பக்கவாட்டில் சொருகும் ஜாய்-கான் இப்போது காந்தத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதையே மேஜைமேல் சாய்த்துத் தள்ளினால் மவுஸ்! இது எனக்கு ரொம்பப் பிடித்தது. பிடிக்காதவையும் உண்டு. 2021-இல் ஓலெட் திரை கொடுத்த நிறுவனம் மறுபடி எல்சிடிக்கு வந்திருக்கிறது. அப்புறம் 'கேம்-கீ கார்டு' என்று ஒன்று. கடையில் காசு கொடுத்து அட்டை வாங்குவோம், உள்ளே கேம் இருக்காது. வெறும் சாவிதான். கேமை இணையத்தில் இறக்கிக்கொள்ள வேண்டும். பூட்டை அவர்களே வைத்துக்கொண்டு சாவியை நமக்கு விற்கிற கதை.

பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு தகவல். புதிய 'சி' பட்டனை அழுத்தினால் நண்பர்களோடு பேசிக்கொண்டே விளையாடலாம். 16 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் தம் போனிலுள்ள கண்காணிப்பு ஆப் வழியாக அனுமதி கொடுக்க வேண்டும். நல்ல ஏற்பாடு.

இனி விலை. 2025-இல் அறிவித்தபோது அமெரிக்காவில் 449.99 டாலர். ஜப்பானில் மட்டும் அப்போது இரண்டு விலை இருந்தது: ஜப்பானிய மொழி மட்டும் உள்ளது 49,980 யென், பல மொழிகள் உள்ளது 69,980 யென். உள்ளே இருக்கும் சிப்பு, திரை எல்லாம் ஒன்றுதான். இருபதாயிரம் யென் மொழிக்கு. மலிவான பெட்டியில் மெனு எல்லாம் ஜப்பானிய மொழியில்தான் வரும். ஜப்பான் நாட்டைக் குறித்த நிண்டெண்டோ கணக்கை மட்டுமே அதில் இணைக்கலாம். யென் அப்போது விழுந்து கிடந்தது. அன்றைய மாற்று விகிதத்தில் 49,980 யென் என்பது சுமார் 335 டாலர்தான். பூட்டுப் போடாவிட்டால் வெளிநாட்டுக்காரர்கள் வந்து பெட்டி பெட்டியாக அள்ளிக்கொண்டு போவார்கள். உள்ளூர்க்காரனுக்கு உள்ளூர் விலை. வியாபாரமாகப் பார்த்தால் நியாயம்தான்.

ஆனால் நான் உள்ளூர்க்காரனா?

வீடியோ முடிந்ததுமே மகள் சொல்லிவிட்டாள். "அப்பா, சீப்பா இருக்கிறதே வாங்கலாம். எனக்குப் படிக்கத் தெரியுமே."

தெரியும். இங்குள்ள அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்புக்குப் போகப்போகிறாள். எனக்கு ஹிரகானா, கட்டகானா எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். கான்ஜி என்றால் ரயில் நிலையப் பெயர்களோடு சரி. பழைய ஸ்விட்ச்சை நான்தான் ஆங்கிலத்தில் வைத்திருந்தேன். ஒருநாள் ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால் எல்லாம் ஜப்பானிய மொழியில் இருந்தது. "இதுதான் ஈஸிப்பா" என்றாள். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சேர்ந்து விளையாடும்போது அவள் படித்துச் சொல்வாள், நான் பட்டன் அழுத்துவேன். தமிழில்தான் சொல்வாள், பாதியில் ஜப்பானிய மொழிக்குத் தாவிவிடுவாள்.

மனைவி வேறு கணக்குப் போட்டாள். "ஏங்க, ரெண்டு வருஷத்துல ஊருக்குப் போயிடலாம்னு சொல்லிட்டே இருக்கீங்க. போனா அது அங்க யாருக்கு ஆகும்?"

ரெண்டு வருஷம் என்று நான் சொல்ல ஆரம்பித்து ஏழு வருஷம் ஆகிறது. விசா புதுப்பிக்கும்போதும், வாடகை ஒப்பந்தம் போடும்போதும் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடிந்தது. ஒரு விளையாட்டுப் பெட்டி வந்து 'இங்கேயே இருப்பீர்களா, போவீர்களா' என்று விலைப்பட்டியலோடு கேட்கும் என்று நினைக்கவில்லை. மலிவானதை வாங்கினால் இருக்கப்போகிறோம் என்று பொருள். மற்றதை வாங்கினால், போகாமலே இருந்துகொண்டு போவதற்காக இருபதாயிரம் கட்டியதாக ஆகும். அதுவும் வெறும் ஆங்கிலத்துக்காக. தமிழ் எந்தப் பெட்டியிலும் கிடையாது.

காசு இருந்தாலும் அப்போது உடனே கிடைத்துவிடாது என்பது வேறு விஷயம். நிறுவனத்தின் ஆன்லைன் கடையில் 2025-இல் குலுக்கல் முறை இருந்தது. பிப்ரவரி இறுதிக்குள் பழைய ஸ்விட்ச்சில் ஐம்பது மணி நேரமாவது விளையாடியிருக்க வேண்டியிருந்தது, ஆன்லைன் சந்தா மொத்தம் ஓராண்டாவது கட்டியிருக்க வேண்டியிருந்தது. பதுக்கி விற்பவர்களைத் தடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை. கணக்கு என் பெயரில் இருக்கிறது. மணி நேரமெல்லாம் அவள் சேர்த்தது.

பல மொழிப் பெட்டியை அப்போது கடைகளில் வாங்க முடியவில்லை, அந்த ஆன்லைன் கடையில் மட்டும்தான் கிடைத்தது. நேற்று இரவு அந்த விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தேன். முழுக்க ஜப்பானிய மொழி. மகளைக் கூப்பிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துச் சொன்னாள்.

"எதை அழுத்தட்டும்பா?" என்று கேட்டாள். நாளைக்குப் பார்க்கலாம் என்று மடிக்கணினியை மூடிவிட்டேன்.