எத்தனை நாள் நிற்கும்?

கேமரா மாட்டக் கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது மெகாபிக்சல். அடுத்தது, ராத்திரியில் கலராகத் தெரியுமா என்பது. பதிவு எத்தனை நாள் நிற்கும் என்று கேட்பவர் அபூர்வம். சென்னைப் புறநகர் வீடுகளுக்கும் சின்னக் கடைகளுக்கும் கேமரா மாட்டுவதுதான் என் தொழில். அந்தக் கேள்வியை நானே கேட்டுவிட்டுத்தான் ஏணியை இறக்குவேன்.

கேமராப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டியில் இருக்கும் ஹார்ட் டிஸ்க் நிரம்பினால் நின்றுவிடாது. பழைய நாளின் பதிவை அழித்து, அந்த இடத்திலேயே புதியதை எழுதும். பொங்கலுக்கு ஊருக்குப் போய் 10 நாள் கழித்துத் திரும்புகிறீர்கள். கிளம்பிய மறுநாளே எவனோ பூட்டை உடைத்திருக்கிறான். டிஸ்க் 5 நாள்தான் தாங்கும் என்றால், திறந்து கிடக்கும் கதவு படத்தில் இருக்கும். ஆள் இருக்க மாட்டான்.

கணக்கு எளிது. 2 மெகாபிக்சல் கேமராவை எச்.265 சுருக்க முறையில் நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால், முழு நாளுக்கு 21.6 ஜிபி ஆகும். 4 கேமராவுக்கு 86 ஜிபி சொச்சம். 1 டிபி டிஸ்க் 11 நாள் வரும். அதே கேமராக்களை எச்.264, 4 மெகாபிட் என்று விட்டால் 6 நாள்கூடத் தேறாது. புதுப் பெட்டி வாங்கியும் இந்த செட்டிங்கைத் தொடாமலே விட்டுப் போகிறவர்கள் என் தொழிலில் நிறைய. அசைவு இருந்தால் மட்டும் பதிவு செய்யும் வசதியும் உண்டு, நாட்கள் கூடும். ஆனால் வேப்பங்கிளை ஆடினாலும் பதிவாகும், இருட்டில் மெல்ல வருகிறவனை விட்டாலும் விட்டுவிடும். வாசல் கேமராவுக்கு அதை நான் வைப்பதே இல்லை.

"பழைய கம்ப்யூட்டர் டிஸ்க் சும்மா கிடக்கு தம்பி, அதையே போட்டுடேன்" என்பார்கள் பெரியவர்கள். வேண்டாம் ஐயா. இரவு பகலாக எழுதுவதற்கென்றே டபிள்யூடி பர்பிள், சீகேட் ஸ்கைஹாக் என்று தனி டிஸ்க்குகள் வருகின்றன. 4 கேமராவுக்கு 2 டிபி போடுங்கள்.

பதிவுப் பெட்டி டிவிஆரா, என்விஆரா? சுவரில் ஏற்கெனவே 3 பிளஸ் 1 கேபிள் ஓடியிருந்தால் டிவிஆர் போதும்; அதைப் பிடுங்குவது வீண் செலவு. கட்டிக்கொண்டிருக்கும் வீடென்றால், பூச்சு வேலைக்கு முன்பே கேட் 6 கேபிள் இழுத்து என்விஆர் வையுங்கள். பிஓஇ ஸ்விட்ச் இருந்தால் கரண்டும் படமும் ஒரே கேபிளில், 100 மீட்டர் வரை போகும். மெமரி கார்டு போட்ட வைஃபை கேமரா வாடகை வீட்டுக்குச் சரி. ஆனால் கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போனால் பதிவும் கூடவே போய்விடும். கிளவுடில் அந்தப் பயம் இல்லை. மாதாமாதம் சந்தா கட்ட வேண்டும், நெட் அறுந்தால் பதிவும் அறுந்துபோகும்.

பெட்டியை டிவிக்குக் கீழே வைக்கவே கூடாது. விவரமான திருடன் முதலில் கழற்றுவது அதைத்தான். பரணில், காற்றுப் போகும் பூட்டிய அலமாரியில் வையுங்கள். பழைய துணி மூட்டைகளுக்கு நடுவே செருகினால் சூட்டிலேயே டிஸ்க் போய்விடும். பெட்டியை மட்டும் இன்வெர்ட்டரில் கொடுத்துவிட்டு, கேமராவுக்குக் கரண்ட் தரும் எஸ்எம்பிஎஸ்ஸை மறந்துவிடுகிறார்கள். கரண்ட் போனதும் பெட்டி விழித்திருக்கும், கேமராக்கள் தூங்கிவிடும்.

பெட்டியின் கடிகாரத்தையும் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, இப்படிப்பட்ட பதிவின் நகலைக் கோர்ட்டில் கொடுக்கச் சான்றிதழ் வேண்டும். தேதியே தப்பாக இருக்கும் பதிவை எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடுவாரா? பெட்டியோடு வந்த பாஸ்வேர்டையும் மாட்டிய அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

ஏற்கெனவே கேமரா இருக்கிறவர்கள், இன்று ராத்திரி பிளேபேக்கைத் திறந்து கிடைக்கும் மிகப் பழைய தேதியைப் பாருங்கள். நீங்கள் வழக்கமாக ஊருக்குப் போய்த் தங்கும் நாட்களைவிட அன்றிலிருந்து இன்று வரையிலான நாட்கள் குறைவென்றால், அடுத்த பயணத்துக்கு முன் டிஸ்க்கை மாற்றச் சொல்லுங்கள்.